இரண்டு பொட்டுக்கு நடுவில்

இன்னும் ஒரு விரல்கடை இடைவெளி இருந்தது. பகவதி பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்துவிட்டு மறுபடியும் இன்குபேட்டருக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். சாத்தின கை கைப்பிடியிலேயே இருந்தது. எடு என்று யாரும் சொல்லாததால் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம், ஆய்வகத்தில் ஃபிரிட்ஜ் உறுமுவதைத் தவிர வேறு சத்தமில்லை. அரை நாளோடு எல்லாரும் கிளம்பிவிடுவார்கள், ஹெலன் மேடம் மட்டும் தன் அறையில் யாருடைய கட்டுரையையாவது திருத்திக்கொண்டிருப்பார். பிளேட் என்றால் உள்ளங்கை அகல வட்டம், அதில் கிருமிக்குத் தீனியாக ஆறிப்போன கஞ்சி நிறத்தில் உறைந்த அகர், அதன்மேல் விடியுமுன்னே வந்து இவள் வைத்த இரண்டு பொட்டு. இடது பொட்டு ஆய்வகத்துக் கிருமி, ஏழு வருஷமாக ஆராய்ச்சிக்காக இவள் வளர்த்து வருவது. வலது பொட்டு மாமாவின் உடம்பிலிருந்து வந்தது. மாமா என்றால் புருஷன் ராஜபாண்டியின் அப்பா, பிச்சையா, போன மாதம் செத்துப்போனவர். இரண்டு கிருமிக்கும் பெயர் ஒன்றுதான், புரோட்டியஸ். ஈரப்பரப்பு கிடைத்தால் கூட்டம் சேர்ந்து நகரும் வகை. இப்போது இரண்டும் வளையம் வளையமாக விரிந்து ஒன்றையொன்று பார்த்து வந்துகொண்டிருக்கின்றன. ஒரே வம்சம் என்றால் சந்திக்கிற இடத்தில் அப்படியே கலந்துவிடும், எங்கே சேர்ந்தன என்றுகூடக் கண்டுபிடிக்க முடியாது. வேறு வேறு வம்சம் என்றால் நடுவில் ஒரு கோடு விழும், வயலுக்கு வரப்பு விழுந்த மாதிரி. கோடு விழுந்தால் மாமாவைக் கொன்ற கிருமி பகவதியின் கையிலிருந்து போகவில்லை. விழாவிட்டால் போயிருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாப்பிடாமல் என்பதுகூடச் சரியில்லை. பசித்தால்தானே சாப்பிடாமல் இருப்பது. போன மாதத்திலிருந்து நாக்கும் வயிறும் யார் வீட்டுச் சாமானோ என்கிற மாதிரி இருக்கின்றன. கருமாதி அன்றைக்கு பந்தியில் உட்கார்ந்து வடையும் பாயசமும் போடப்போட வாங்கிச் சாப்பிட்டாள், பார்த்தவர்கள் நல்ல பசிபோல என்று நினைத்திருப்பார்கள். அழவும் இல்லை. மருமகள் அழவில்லை என்பதை ஊர் விட்டுவிடுமா, விடாது, ஆனால் அதுவும் அவள் காதுக்கு வந்து காதிலேயே நின்றுவிட்டது. உள்ளே ஓடுவதெல்லாம் ஒன்றே ஒன்றுதான். அன்றைக்குக் கை கழுவினோமா. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாள், பஸ் வண்ணார்பேட்டையில் நின்று நின்று வந்து, வீட்டுக்குள் நுழையும்போதே மாமா அறையிலிருந்து ‘ஏம்மா வந்துட்டியா’ என்ற குரல். அவருக்குப் போட்டிருந்த மூத்திரக்குழாயின் பை நிறைந்து இணைப்பில் கசிந்து வேட்டி நனைந்திருந்தது. தோள்பையைக் கழற்றி மாட்டினாள். அது ஞாபகம் இருக்கிறது, ஆணி ஆடியது. குடையை முற்றத்தில் விரித்து வைத்தாள். பிறகு குழாயடிக்குப் போனாளா, நேரே அறைக்குப் போனாளா. குழாயடியில் பச்சை சோப்புப்பெட்டி, அதில் சோப்பு, அது ஈரமாக இருந்தது என்று ஒரு தடவை தோன்றும். அப்பாடா என்று இருக்கும். மறு தடவை நினைக்கும்போது அதே சோப்பு காய்ந்து வெடித்துப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மழை நாளில் முற்றத்துச் சோப்பு எப்படிக் காயும். மழையில் நனைந்ததைத்தான் கழுவியதாக நினைக்கிறோமோ. ஆய்வகத்தில் கையுறை போட்டுத்தான் வேலை. ஆனால் அதே கையுறையோடு பிளேட்டில் எழுதுகிற மார்க்கரைக் கொண்டையில் செருகிக்கொள்கிற பழக்கம் அவளுக்கு உண்டு, எத்தனையோ நாள் அதோடேயே பஸ் ஏறி வீடு போய்ச் சேர்ந்திருக்கிறாள், ராஜபாண்டி கிண்டல்கூடச் செய்வான். அன்றைக்கு அது தலையில் இருந்ததா. மழைக்கு முந்தானையைத் தலையில் போட்டபோது தட்டுப்பட்டதா. மறுபடியும் தோள்பை, ஆணி, குடை, குழாயடி. அவள் கையை மோந்து பார்த்தாள். ஸ்பிரிட் வாசம், தோல் உரிந்து விரல் நுனியெல்லாம் வெள்ளை. இதைக் கழுவிக் கழுவி என்ன, கழுவ வேண்டிய நாள் போய்விட்டது.

மாமாவுக்குக் குழாய் போட்டது வேறு வழியில்லாமல். பிராஸ்டேட் வீங்கி மூத்திரம் அடைத்துக்கொண்டது, ஆபரேஷனுக்கு இதயம் தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார், ஆகவே குழாயும் பையும்தான் கதி என்று ஆயிற்று. பையைக் காலி செய்ய மகனைத்தான் கூப்பிட வேண்டும், அதுதான் முறை. மகனோ அந்த வாடை பட்டதும் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ராஜபாண்டியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவன் உடம்புவாகு அப்படி, மீன்கடையைத் தாண்டிப் போனாலே முகம் கோணும். ஏழு வருஷமாக அந்த வாடையிலேயே உட்கார்ந்திருப்பவள் பகவதி. புரோட்டியஸ் வளர்ந்த பிளேட்டைத் திறந்தால் மீன் கழுவின தண்ணீரின் வாடைதான் வரும். ‘குடுங்க மாமா, எனக்குப் பழக்கந்தான்’ என்று வாங்கிக்கொண்டாள். முதல் வாரம் அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்தவர், திருச்செந்தூர் ரோட்டில் ஏறினால் கண்டக்டர்கள் பையிலுள்ள காசை மறுபடி எண்ணுவார்கள் என்பார்கள், அவருக்கு மருமகள் வேட்டியை விலக்கிக் குழாயைத் துடைப்பது எப்படி இருந்திருக்கும். இரண்டாவது வாரம் பேச்சுக் கொடுக்க ஆரம்பித்தார், வெட்கத்தை மறைக்கப் பேச்சு. ‘ஒங்க ஆபீஸ்ல என்னதாம்மா செய்யுதீங்க, அந்தக் கிருமிய வச்சிக்கிட்டு?’ அது எப்படி நடக்கிறது என்று பார்க்கிறோம் மாமா என்றாள். ‘கிருமி நடக்குமா?’ தண்ணீரில் இருந்தால் குட்டையாகத் தனித்தனியாக நீந்தும், கெட்டியான பரப்பில் விட்டால் தொட்டுப் பார்த்தே தெரிந்துகொண்டு, பிரிந்து பெருகுவதை நிறுத்தி, நூல் மாதிரி நீளும், உடம்பெல்லாம் வால் முளைக்கும், பக்கத்துக் கிருமியோடு ஒட்டிப் படுத்துக் கூட்டமாக நகரும், கொஞ்ச தூரம் போய் நிற்கும், பிறகு மறுபடி நகரும், தனியாக ஒன்றைப் பிரித்துவிட்டால் ஓர் அடி எடுத்து வைக்காது என்று சொன்னாள். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். ‘மாநாட்டுக்குப் போற கூட்டந்தான். தனியா வான்னா எவன் வருவான்.’ இன்னொரு நாள், வம்சம் தெரிந்து சேருகிற கதையையும் சொன்னாள். நம்மாளா வேற்றாளா என்று அடையாளம் சொல்ல அதற்கென்று சில மரபணுக்கள் உண்டு, வேற்றாள் என்றால் நடுவில் கோடு விழும் என்று. ‘அடி பாவி, அதுலயும் சாதி இருக்கா?’ என்றார். சாதி இல்லை மாமா, சொந்தம் என்றாள். ‘ரெண்டும் ஒண்ணுதானம்மா’ என்று அவர் சிரித்ததில் பை ஆடி அவள் புடவையில் ஒரு சொட்டு பட்டது, அவர் சிரிப்பு அத்தோடு நின்றது. பரவாயில்லை மாமா என்று அவள் எத்தனை தடவை சொல்லியும் அன்று ராத்திரி அவர் தண்ணீரே குடிக்கவில்லை, பை நிறையக் கூடாதாம். தண்ணீர் குடிக்காமல் இருந்ததால்தான் ஆரம்பித்ததோ. அப்படியும் இருக்கலாம். அப்படி இருந்தால் நல்லது என்று நினைத்து, மாமா தாகத்தோடு படுத்திருந்ததையா நல்லது என்கிறோம் என்று திரும்பி, மறுபடியும் தோள்பை, ஆணி, குடை.

காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். குழாய்க்குள் சுண்ணாம்பு பூத்த மாதிரி உப்புப் படிந்து அடைத்திருந்தது. நர்ஸ் பழைய குழாயை உருவியபோது பகவதி ஒரு சின்ன டப்பாவைத் திறந்து நீட்டினாள், நுனியை வெட்டி இதில் போடுங்கள் சிஸ்டர் என்று. எதற்கு என்று நர்ஸ் கேட்கவில்லை. எதற்கு என்று பகவதிக்கும் அப்போது தெரியாது, ஆய்வகப் பழக்கம், கை தானாக நீண்டது. அந்த நுனியில் இருந்ததை வளர்த்ததுதான் இப்போது வலது பொட்டு. இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அதில் அச்சடித்திருந்த பெயரை அவள் தினமும் பிளேட் பிளேட்டாகத் தன் கையால் எழுதுகிறாள். வெளியில் எங்கோ போய்க்கொண்டிருந்த பஸ் ஹாரன் நின்றுபோனது போல இருந்தது. டாக்டர் சொன்னார், குழாய் போட்டவர்களுக்கு இது வருவது சகஜம்தான், பாதிப் பேருக்கு அவர்கள் குடலில் இருப்பதே நகர்ந்து வந்து குழாய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறிவிடும் என்று. டாக்டருக்கு அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரியாது. அவளுக்கு டாக்டரைவிட நன்றாகத் தெரியும் எப்படி ஏறும் என்று, மேலே ஏறுவதற்கு எந்த மரபணு உத்தரவு போடுகிறது என்பதைத்தான் ஏழு வருஷமாக வெட்டி வெட்டிப் பார்க்கிறாள். இரத்தத்தில் கலந்துவிட்டது, ஊசி மருந்து கேட்கவில்லை, மாமா போய்விட்டார். மூன்றாம் நாள் பால் தெளித்து வந்த பிறகு நாத்தனார் செண்பகவல்லி முற்றத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு யாரிடமோ சொன்னாள், ‘நல்லாத்தான் பாத்துக்கிட்டா, கொற சொல்லக்கூடாது. என்ன, நாளெல்லாம் கிருமியோட பொழங்குற கை.’ கோபமாகச் சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பது போலச் சொன்னாள். அவள் சொன்னதில் தப்பென்ன, பகவதி அதே வார்த்தையை ரிப்போர்ட் வந்த நாளிலிருந்தே உள்ளே சொல்லிக்கொண்டிருந்தாள். வெளியிலிருந்து கேட்டதுதான் புதுசு. ராஜபாண்டி அதைக் கேட்டானா இல்லையா தெரியாது, பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். அவனிடம் அவள் சொல்லவேயில்லை. சொன்னால் ‘சும்மா இரு’ என்பான். அவன் சும்மா இரு என்று சொன்ன பிறகும் அவள் கையிலிருந்து போனதுதான் நிஜம் என்றால், அவன் தினமும் யார் கையால் சாப்பிடுகிறான்.

மறுபடியும் இன்குபேட்டர் கதவைத் திறந்தாள். இரண்டு கூட்டமும் நின்றுவிட்டிருந்தன. அப்படித்தான், ஒரு வளையம் போனதும் நிற்கும், நீண்டதெல்லாம் குட்டையாகும், பெருகும், ஆள் சேர்ந்ததும் மறுபடி கிளம்பும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மரபணு இருந்து கிளம்பு என்கிறது. அதை வெட்டிவிட்டால் கிருமி சாகாது, தின்னும், பெருகும், வைத்த இடத்தில் அப்படியே மேடு தட்டி உட்கார்ந்திருக்கும். தன்னைப் பற்றி அப்படி நினைத்து அவளுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை. பக்கத்திலேயே இன்னும் இரண்டு பிளேட். ஒன்றில் ஆய்வகத்துக் கிருமியையே இரண்டு பொட்டாக வைத்தது, கலக்கிறதா என்று பார்க்க. இன்னொன்றில் நிச்சயமாக வேறு வேறென்று தெரிந்த இரண்டு, கோடு விழுகிறதா என்று பார்க்க. முதலாவது கலந்துவிட்டது, பளிங்கு போல ஒரே பரப்பு. இரண்டாவதில் கோடு விழுந்துவிட்டது. சோதனை ஒழுங்காக நடக்கிறது, இனி சாக்குச் சொல்ல முடியாது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. ஹெலன் மேடம் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு வந்தார். ‘இன்னும் போகலையா பகவதி? என்ன பிளேட் இது?’ கோடு டெஸ்ட் மேடம் என்றாள். மேடம் எட்டிப் பார்த்தார். ‘வலது பக்கம் எது? புதுசா?’ ஒரு பேஷண்ட் மேடம், குழாய் போட்டவர். ‘என்னமா ஓடியிருக்கு பாரு. நம்மளோடதவிட அரை வளையம் முன்னால நிக்குது. எங்க கெடச்சுது?’ தெரிஞ்ச இடத்துல மேடம். ‘விட்றாத. ஸ்டாக் போட்டு ஃப்ரீசர்ல வச்சிரு. இதுல அந்த மரபணுவ வெட்டிப் பாத்தா நம்ம கட்டுரைக்கே உயிர் வந்துரும்.’ மேடத்தின் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. நல்ல மனுஷி, மாமா செத்ததற்கு வீட்டுக்கே வந்து ராஜபாண்டி கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர். இது அவர்தான் மேடம் என்று சொல்லிவிடலாமா. இது அவர் என்பது எப்படி, இது அவரைத் தின்றது. அவரைத் தின்று அவர் சூட்டில் வளர்ந்தது, அவர் உடம்பிலிருந்து வந்து இன்னும் உயிரோடு இருப்பது இது ஒன்றுதான். ‘சரி மேடம்’ என்றாள். மேடம் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது சாப்பிட்டியா என்று கேட்டார், அதற்கும் சரி மேடம் என்றே சொல்லியிருந்தாள், சொன்ன பிறகுதான் தெரிந்தது.

இன்னும் ஒரு மணி நேரம் போய், இனி தள்ளிப்போட முடியாது என்று ஆனபிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வாட்ச்மேன் வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார். கலந்துவிட்டால் என்ன செய்வது. இதை அவள் இந்த நேரம்வரை நினைக்கவேயில்லை, அதை நினைக்கிற இடத்துக்கு வந்ததும் மனசு குழாயடிக்குத் திரும்பிவிடும், அதுதான் அதன் சாமர்த்தியம். கலந்துவிட்டால் வேலையை விடுவதா. விட்டால் செத்தவர் வருவாரா. ராஜபாண்டியிடம் சொல்வதா, சொல்லாமல் கூட வாழ்வதா, எது பெரிய பாவம். செண்பகவல்லி வீட்டுக்குப் போய் நீங்க சொன்னது சரிதான் அண்ணி என்று நிற்பதா. நின்றால் அவள் என்ன செய்வாள், காபி போடுவாள். பயம் என்று ஒன்று இருந்தால் இப்போது வயிற்றில் ஏறியிருக்க வேண்டும். கை மட்டும் குளிர்ந்திருந்தது, அதுவும் ஏசியால் இருக்கும். அவள் எழுந்தாள். முட்டி வலித்தது. கதவைத் திறந்து, பிளேட்டை எடுத்து, மூடியைத் திறக்காமலே வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். இரண்டு கூட்டமும் சேர்ந்துவிட்டிருந்தன. ஒன்றும் தெரியவில்லை. ஒரே பரப்பாக மின்னியது. ஆமாம் என்று உள்ளே யாரோ தலையாட்டினார்கள், தெரிந்ததுதானே என்றார்கள். கை தானாகப் பிளேட்டைக் கொஞ்சம் திருப்பியது. வெளிச்சம் வேறு பக்கமிருந்து விழுந்ததும் நடுவில் கோடு தெரிந்தது. மெல்லிசாக, நகத்தால் கீறினது போல, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை. மறுபடி திருப்பினாள், மறைந்தது. திருப்பினாள், இருந்தது. கோடு விழுந்த பிளேட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள், அதுவும் இதுவும் ஒன்று. கலந்த பிளேட்டை வைத்துப் பார்த்தாள், எந்தப் பக்கம் திருப்பினாலும் அதில் ஒன்றுமில்லை. வேறு வம்சம். அவள் வளர்த்தது இல்லை. கை கழுவியிருந்தாலும் கழுவாவிட்டாலும் அவள் கையிலிருந்து போனதில்லை.

நான் இல்லை, என்று சொல்லிப் பார்த்தாள். ஆய்வகத்தில் அது நன்றாகக் கேட்டது. இப்போது ஏதாவது இறங்க வேண்டும், நெஞ்சிலிருந்து ஒரு பாரம் என்பார்களே அது. பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதற்காகக் காத்திருந்தாள். போன் அடித்தது. ராஜபாண்டி. ‘எங்க இருக்கே, இன்னும் அங்கதானா? நான் கடையில நிக்கேன். சாப்பாடு வாங்க வந்தேன்.’ ஒரு லாரி போனது. ‘ஒரு கூத்து பாத்துக்கோ. மூணு சாப்பாடுன்னு சொல்லிட்டேன். அவனும் கட்டிக் குடுத்துட்டான். ஒண்ணு கொழய வடிச்சதா போடச் சொல்லி, மோர் தனியா கட்டச் சொல்லி… கையில வாங்குனப்பெறவுதான்…’ பொட்டலக் கவர் சரசரத்தது. ‘இத என்ன செய்ய பகவதி?’ குழைய வடித்த சோறு. பல் இல்லாத பக்கம் ஒதுக்கி ஒதுக்கி மாமா தின்பார், தின்றுவிட்டுத் தட்டிலேயே கை கழுவுவார், அது அவளுக்குப் பிடிக்காது. ஒரு மாதமாக அவர் எங்கே போயிருந்தார். ஒரு மாதமாக அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், சோப்பையும் ஆணியையும் குடையையும், அந்த அறைக்குள் ஏம்மா வந்துட்டியா என்று கூப்பிட்ட மனுஷனை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் அவர்மேல் பிரியமாக இருந்தாள். அது அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. ‘மாமா செத்துப்போயிட்டாங்க’ என்றாள், புருஷனுக்குத் தகவல் சொல்வது போல. ‘மாமா செத்துப்போயிட்டாங்கங்க’ என்று மறுபடி சொன்னாள், குரல் அவளுடையதாக இல்லை. ‘ஆமா’ என்றான் ராஜபாண்டி. பிறகு ‘நீ அங்கயே இரு, நான் வாரேன்’ என்றான். அவள் பிளேட்டை மேஜைமேல் வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள்.